வீட்டு ஐஸ்க்ரீம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் என் போனுக்கு வரும் செய்திகளில் பாதி ஐஸ்க்ரீம் பற்றித்தான். தங்கை மகள், மாடி வீட்டுக்காரர், பழைய ஆபீஸ் தோழிகள் என்று ஆளாளுக்கு ஒரே சந்தேகத்தை வேறு வேறு வார்த்தையில் கேட்பார்கள், நானும் ஒரே பதிலை வேறு வேறு வார்த்தையில் தட்டிக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் சமையல் படித்தவள் இல்லை. திருச்சி வெயிலில், சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜில், பல வருஷம் செய்து கெடுத்து மறுபடி செய்து தெரிந்துகொண்டது இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

மெஷின் எதுவும் இல்லாம வீட்ல நிஜமாவே ஐஸ்க்ரீம் வருமா? இல்ல சும்மா சொல்றீங்களா?

வரும். மிக்ஸியும் ஃப்ரீஸரும் மூடி இறுக்கமான ஒரு டப்பாவும் இருந்தால் போதும். மெஷின் செய்கிற வேலை ஒன்றுதான்: கலவை உறைய உறைய அதைக் கிளறிக்கொண்டே இருக்கும். அந்தக் கிளறலை நாம் நடுநடுவே மிக்ஸியில் செய்கிறோம். கடையில் கிடைப்பது போல அச்சு அசலாக இருக்குமா என்றால் இருக்காது, அது ஏன் என்று கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

எந்தப் பால் வாங்கணும்? அளவு சரியா சொல்லுங்க அக்கா, "தேவையான அளவு"ன்னு சொல்லாதீங்க.

சரி, இதுதான் என் அடிப்படை அளவு, கீழே எல்லாப் பதிலும் இதை வைத்துத்தான். கொழுப்பு 6 சதவீதம் உள்ள பால் அரை லிட்டர் (ஆவினில் ஆரஞ்சு பாக்கெட்), டெட்ரா பாக்கெட்டில் வரும் 25 சதவீத ஃப்ரெஷ் க்ரீம் 200 மில்லி, சர்க்கரை 115 கிராம் (அரை கப்பும் அதற்கு மேல் ஒரு பெரிய ஸ்பூனும்), பால் பவுடர் 3 பெரிய ஸ்பூன், சோள மாவு 1 பெரிய ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள். வெண்ணிலாவுக்கு அது ரொம்ப உதவும்.

பாலில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைக் காய்ச்சி, கிளறிக்கொண்டே சுண்ட விடுங்கள். எடுத்து வைத்த பாலில் சோள மாவையும் பால் பவுடரையும் கட்டி இல்லாமல் கரைத்து ஊற்றி, சர்க்கரையும் உப்பும் போட்டு, கரண்டியின் பின்பக்கம் படியும் பதம் வரும்வரை இரண்டு மூன்று நிமிஷம் கொதிக்க விடுங்கள். மொத்தம் 100 மில்லியாவது சுண்டியிருக்க வேண்டும். ஆறியதும் க்ரீமையும் எசென்ஸையும் சேருங்கள். எசென்ஸை அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும், வீடு மட்டும் மணக்கும்.

இந்த அளவில் கொழுப்பு 11 சதவீதத்துக்குச் சற்று மேல், சர்க்கரை 15 சதவீதம் வாக்கில் வரும். கலவையை அப்படியே ஃப்ரீஸருக்குள் தள்ளாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் குறைந்தது 4 மணி நேரம் வையுங்கள், ராத்திரி முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் கொழுப்பு இறுகும், பவுடரும் மாவும் தண்ணீரை நன்றாக இழுத்துக்கொள்ளும்.

ஃப்ரெஷ் க்ரீமை அரை மணி நேரமா அடிக்கிறேன், நுரையே வரல. க்ரீம் கெட்டுப் போச்சா?

க்ரீம் நன்றாகத்தான் இருக்கிறது. 25 சதவீதக் கொழுப்பில் நுரை நிற்காது, அதற்கு 30க்கு மேல், நிம்மதியாக வர வேண்டுமென்றால் 35 வேண்டும். "விப்பிங் க்ரீம்" என்ற பெயரில் கேக் சாமான் கடைகளில் உறைநிலையில் கிடைப்பது பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்தது, அதிலேயே சர்க்கரையும் இருக்கும். இரண்டு நிமிஷத்தில் மலை மாதிரி எழும்பும், அதனால்தான் வீடியோக்களில் எல்லாரும் அதை எடுக்கிறார்கள். ருசி எனக்குப் பிடிக்காது, நாக்கின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும். உங்களுக்குப் பிடித்தால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் என் அளவில் சொன்ன சர்க்கரையைப் பாதியாக்கிவிடுங்கள்.

கல்லு மாதிரி ஆயிடுது. கடிச்சா நறநறன்னு ஐஸ் வேற. எங்க தப்பு பண்றேன்?

என்னிடம் வரும் செய்திகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விதான், ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பாலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீர் மெதுவாக உறைந்தால் ஐஸ் பெரிய பெரிய ஊசிகளாக வளரும், சீக்கிரம் உறைந்தால் பொடிப் பொடியாக நின்றுவிடும். தலைமுடியின் தடிமனைவிடச் சின்னதாக இருந்தால் நாக்குக்கு அது ஐஸ் என்றே தெரியாது, வழவழப்பாகத்தான் தோன்றும். ஆக நம் வேலை எல்லாமே தண்ணீரைச் சமாளிப்பதுதான்: பாலைச் சுண்ட வைத்துக் குறைக்கலாம், மாவும் பவுடரும் போட்டுக் கட்டி வைக்கலாம், சர்க்கரை போட்டு உறைய விடாமல் இழுத்துப் பிடிக்கலாம், கிளறி உடைக்கலாம்.

அதனால் கல் மாதிரி வந்தால் முதலில் என்னிடம் சொல்லாமல் இதைப் பாருங்கள். டோன்ட் பால் (கொழுப்பு குறைத்த பால்) எடுத்தீர்களா? சுண்ட வைக்காமல் ஒரே கொதியில் இறக்கினீர்களா? வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஃப்ரீஸரில் வைத்தீர்களா? ஆழமான டப்பாவில் ஊற்றினீர்களா? (அகலமான தட்டை டப்பா சீக்கிரம் உறையும்.) பத்தில் எட்டுப் பேர் இவற்றில் குறைந்தது இரண்டையாவது செய்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் தப்பில்லை: ஃப்ரீஸரிலிருந்து எடுத்த உடனே ஸ்பூன் இறங்கவில்லை என்றால் அது இயல்பு. வீட்டு ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரிக்கு இருக்கும், ஐஸ்க்ரீமைப் பரிமாற மைனஸ் 12, 13 போதும். கீழ்த்தட்டில் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்துவிட்டுத் தோண்டுங்கள். கரண்டியை உடைத்துக்கொண்டு எனக்குப் படம் அனுப்பியவர் இருக்கிறார்.

மிக்ஸியில எத்தனை தடவை அடிக்கணும்? போன தடவை வெண்ணெய் வெண்ணெயா திரண்டுடுச்சு.

ஓரம் எல்லாம் இறுகி நடு மட்டும் கொழகொழவென்று இருக்கும்போது முதல் தடவை. என் ஃப்ரிட்ஜில் அது இரண்டரை மணி நேரத்தில் வரும், உங்களுடையதை நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும். ஜாரையும் பிளேடோடு முன்கூட்டியே ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் சூடான ஜாரில் போட்டதும் இளகித் தண்ணீராகி, செய்த வேலை வீணாகும். இருபது முப்பது விநாடி, விட்டு விட்டு ஓட்டினால் போதும். மறுபடி உறைய வைத்து ஒன்றரை இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவை உங்கள் பொறுமையைப் பொறுத்தது, நான் பெரும்பாலும் இரண்டோடு விட்டுவிடுவேன்.

வெண்ணெய் திரண்டது அதிக நேரம் ஓட்டியதால். மோர் கடைந்தால் வெண்ணெய் வருவது போலத்தான் இதுவும். கலவை இளகி, அதில் கொழுப்பும் நிறைய இருந்து, நீங்களும் ஓட்டிக்கொண்டே இருந்தால் அது திரண்டுதான் ஆகும். ஒருமுறை திரண்டால் பழையபடி கொண்டுவருவது கஷ்டம். வடிகட்டிப் பாலை மில்க்ஷேக்குக்கு எடுத்துக்கொண்டு வெண்ணெயைப் பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவிக் கொடுங்கள், இனிப்பு வெண்ணெய் நன்றாகவே இருக்கும்.

சர்க்கரை இவ்வளவு எதுக்கு? பாதியா குறைச்சா என்ன ஆகும்?

கல் ஆகும். மேலே சொன்னது போல, சர்க்கரைக்கு இனிப்பைத் தாண்டி இன்னொரு வேலை இருக்கிறது. தண்ணீரில் கரைந்து அது உறையும் வெப்பநிலையைக் கீழே இழுக்கிறது, அதனால்தான் ஃப்ரீஸருக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் உறையாமல் பாகாகவே நின்று ஐஸ்க்ரீமை மென்மையாக வைக்கிறது. கூடவே, குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். ஆகவே கலவையை ருசி பார்க்கும்போது "ஐயோ, கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று தோன்றினால்தான் உறைந்த பிறகு சரியாக இருக்கும்.

இருபது கிராம் வரை குறைக்கலாம், வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் வேண்டாம். கொஞ்சம் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே அளவுக்குத் தேன் சேர்த்தால் இன்னும் மென்மையாக வரும், ஏனென்றால் தேனில் இருக்கும் சர்க்கரைகளின் மூலக்கூறுகள் சின்னவை, அதே எடைக்கு எண்ணிக்கை அதிகம், உறைவதைத் தடுப்பதும் அதிகம். சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா சொட்டு விடலாமா என்று கேட்பவர்களுக்கு: இனிப்பு வரும், ஆனால் பாறை. வீட்டில் சுகர் உள்ளவர்களுக்கு நான் தனியாகச் செய்வதில்லை, இதே ஐஸ்க்ரீமில் சின்ன கரண்டி கொடுப்பேன், அதுவும் அவர்கள் டாக்டர் சரி என்று சொல்லியிருந்தால்.

ஜிஎம்எஸ், சிஎம்சின்னு பவுடர் போடச் சொல்றாங்களே, அதெல்லாம் கெமிக்கல் இல்லையா?

உப்பும் கெமிக்கல்தான். ஜிஎம்எஸ் கொழுப்பிலிருந்து எடுப்பது, கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைத்துக் காற்றை நிற்க வைக்கும். சிஎம்சி செடிகளில் இருக்கும் செல்லுலோஸிலிருந்து வருவது, தண்ணீரைக் கெட்டியாக்கி ஐஸ் வளராமல் பார்த்துக்கொள்ளும். இரண்டும் உணவில் சேர்க்க அனுமதி உள்ளவை. சுத்த சைவம் பார்ப்பவர்கள் ஜிஎம்எஸ் வாங்கும்போது பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், அது மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம்.

என் அளவுக்கு சிஎம்சி கால் டீஸ்பூன் போதும், ஜிஎம்எஸ் அரை டீஸ்பூன். சிஎம்சியைச் சர்க்கரையோடு கலந்து தூவினால் கட்டி பிடிக்காது. கொஞ்சம் கூடிப் போனாலும் ஐஸ்க்ரீம் பசை மாதிரி இழுக்கும், அதுதான் இதில் உள்ள ஆபத்து. நான் தினப்படி செய்வதில் இரண்டும் போடுவதில்லை, சோள மாவும் பால் பவுடரும் முக்கால் வேலையைச் செய்துவிடுகின்றன. ஒரு வாரத்துக்கு மேல் வைக்கப் போகிறேன் என்றால் மட்டும் சிஎம்சி.

எங்க வீட்ல சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். மேல ஐஸ் பெட்டி மட்டும்தான். அதுல வருமா அத்தை?

வரும்டா, நானே முதல் நாலு வருஷம் அதில்தான் செய்தேன். அந்தப் பெட்டி அவ்வளவு குளிராது, ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் உள்ளே இருப்பது கொஞ்சம் இளகி மறுபடி உறையும், அப்படி ஒவ்வொரு தடவையும் ஐஸ் ஊசி கொஞ்சம் பெரிதாகும். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு வை. குளிர்ச்சியை முந்தின நாளே அதிகத்தில் திருப்பி வை. பெட்டியில் பனி பாளம் பாளமாகக் கட்டியிருந்தால் முதலில் அதை உருக்கிச் சுத்தம் செய். டப்பா பெட்டியின் அடித்தகட்டை நேராகத் தொட வேண்டும், அங்கேதான் குளிர் அதிகம். நாலைந்து நாளில் சாப்பிட்டு முடித்துவிடு.

ஐஸ்க்ரீம் மெஷின் வாங்கலாமா? காசுக்குத் தகுமா?

இரண்டு வகை உண்டு. விலை குறைந்ததில் ஒரு கிண்ணம் இருக்கும், அதன் சுவருக்குள் ஒரு திரவம், கிண்ணத்தை ஃப்ரீஸரில் ஒரு நாள் முழுக்க வைத்து உறைய வைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். மேலே சொன்ன சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் அந்தக் கிண்ணம் சரியாக உறையாது, பெட்டிக்குள் நுழையுமா என்பதே சந்தேகம். இதைத் தெரியாமல் வாங்கிப் பரணில் ஏற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். கம்ப்ரெஸர் உள்ள இன்னொரு வகை தானே குளிர வைத்துக்கொள்ளும், பிரமாதமாக வரும், விலையும் இடமும் அதிகம். மாதம் ஒரு தடவை செய்பவருக்கு மிக்ஸி போதும் என்பதுதான் என் கட்சி.

முட்டை போட்டே ஆகணுமா? பச்சை வாடை வராதா?

போட்டே ஆக வேண்டியதில்லை. மஞ்சள் கருவில் லெசித்தின் இருக்கிறது, ஜிஎம்எஸ் செய்யும் அதே வேலையை இயற்கையாகச் செய்யும், மென்மையும் நிறமும் கூடும். போடுவதென்றால் சோள மாவை விட்டுவிட்டு 3 மஞ்சள் கரு. சர்க்கரையோடு நன்றாக அடித்து, சூடான பாலைச் சிறிது சிறிதாக அதில் ஊற்றிக் கலக்கி, பிறகு மொத்தத்தையும் சின்னத் தீயில் கரண்டியில் படியும்வரை கிளறுங்கள். 80 டிகிரி தாண்டிக் கொதித்தால் முட்டைப் பொரியல் ஆகிவிடும். வேகாத முட்டையை அப்படியே கலக்கி உறைய வைக்கச் சொல்லும் குறிப்புகளைத் தயவுசெய்து தொடாதீர்கள், குளிரில் கிருமி தூங்குமே தவிரச் சாகாது.

மாம்பழ ஐஸ்க்ரீம்ல பழத்துண்டு மட்டும் ஐஸ் கட்டியா பல்லுல படுது. அன்னாசி போட்டா கசக்குது. பழமே ஆகாதா?

ஆகும். பழமென்றாலே தண்ணீர், ஆகவே கல் ஐஸ் கேள்வியில் சொன்னதெல்லாம் இங்கே இரட்டிப்பு. துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரையோடு வாணலியில் வதக்கி, வந்த தண்ணீர் வற்றி ஜாம் பதத்துக்கு வந்ததும் ஆற வைத்துக் கடைசிக் கிளறலில் சேருங்கள். மாம்பழ விழுதைப் பாதி மட்டும் சுண்ட வைத்து மீதியைப் பச்சையாகவே சேர்ப்பேன், முழுவதையும் காய்ச்சினால் மணம் செத்துவிடும். பங்கனப்பள்ளியில் நார் தொல்லை இல்லை, நாட்டுப் பழமென்றால் வடிகட்டுங்கள். விழுதும் பாலும் இரண்டுமே நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், புளிப்புள்ள பழம் சூடான பாலைத் திரித்துவிடும்.

அன்னாசிக் கதை வேறு. அதில் இருக்கும் ப்ரோமிலின் என்ற நொதி பால் புரதத்தை அறுத்துப் போடும், கசப்பு அதனால்தான். ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்தால் நொதி செயலிழந்துவிடும், அப்புறம் கசக்காது. கிவி, பப்பாளிக்கும் இதே வைத்தியம்.

கருப்பட்டி போட்டேன், பால் திரிஞ்சு போச்சு. எங்க அம்மா சிரிக்கிறாங்க.

சூடான பாலில் போட்டிருப்பீர்கள். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் லேசான புளிப்பும் உப்புகளும் இருக்கும், கொதிக்கிற பாலுக்கு அது போதும். கருப்பட்டியைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கெட்டியாகும்வரை காய்ச்சி, நன்றாக ஆற விடுங்கள். பாலும் ஆறட்டும். பிறகு க்ரீமோடு சேர்த்துக் கலந்தால் ஒன்றும் ஆகாது. சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு கருப்பட்டி. கொஞ்சம் சுக்கும் ஏலமும் போட்டால் சுக்குக் காபி வாசனையோடு வரும், எங்கள் வீட்டில் வெண்ணிலாவைவிட இதற்குத்தான் அடிதடி. உங்கள் அம்மாவுக்கு முதல் கிண்ணம் கொடுங்கள்.

குல்ஃபிக்கும் ஐஸ்க்ரீமுக்கும் என்ன வித்தியாசம்? குல்ஃபியைக் கிளறவே வேண்டாம்னு சொல்றாங்களே, அது மட்டும் எப்படி?

நல்ல கேள்வி. குல்ஃபியில் பாலை மூன்றில் ஒரு பங்காகச் சுண்ட வைக்கிறோம், அங்கேயே தண்ணீர்ப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. காற்றும் சேர்ப்பதில்லை, அதனால் கனமாக, கடித்துத் தின்னும்படி இருக்கும், மெதுவாக உருகும். ராத்திரி மணி அடித்துக்கொண்டு வரும் வண்டிக்காரர்கள் பானையில் ஐஸும் உப்பும் போட்டுத்தான் அச்சுகளைக் குளிர வைப்பார்கள். முதல் தடவை செய்பவர்களுக்கு நான் குல்ஃபியைத்தான் சொல்வேன். அடுப்பு முன்னால் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், வேறு எதுவும் தவறாது.

பால் சேராது. தேங்காய்ப்பால்ல செய்யலாமா?

செய்யலாம். தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்த முதல் பால் மட்டும். கொதிக்க விடாதீர்கள், திரிந்து எண்ணெய் பிரியும்: சோள மாவை இரண்டாம் பாலில் தனியாக வேக வைத்து, ஆறிய பிறகு முதல் பாலைச் சேருங்கள். இளநீர் வழுக்கையை அரைத்து ஊற்றினால் அருமை. பால் ஐஸ்க்ரீமைவிட இறுக்கமாகத்தான் வரும், கூடுதலாக ஐந்து நிமிஷம் வெளியே வைத்துப் பரிமாறுங்கள்.

கரண்ட் போய் உருகிடுச்சு. திரும்ப ஃப்ரீஸர்ல வெச்சா போதும்ல?

ஓரம் மட்டும் இளகி நடுவில் கெட்டியாக இருந்தால் வைக்கலாம், நறநறப்பு வரும், அவ்வளவுதான். முழுக்கத் தண்ணீராகி வெதுவெதுப்பாக இருந்தால் கொட்டிவிடுங்கள், மறுபடி உறைய வைத்தாலும் அதற்குள் பெருகிய கிருமி போகாது. தண்ணீராகியும் இன்னும் ஜில்லென்று இருந்தால் அப்போதே மில்க்ஷேக் அடித்துக் குடித்துவிடுங்கள். 2012 வாக்கில் ஒரு நாளைக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது எங்கள் வீட்டில் ஐஸ்க்ரீம் தின்றதைவிட மில்க்ஷேக் குடித்ததுதான் அதிகம். கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள், மூடியே இருந்தால் சில மணி நேரம் தாங்கும்.

ரெண்டு நாள் கழிச்சு சாப்பிட்டா கருவாட்டு வாசனை அடிக்குது...

கொழுப்பு வாசனையை இழுக்கும். பக்கத்தில் கருவாடு, மல்லிகைப்பூ, புளித்த மாவு எது இருந்தாலும் ஐஸ்க்ரீம் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். ஐஸ்க்ரீமின் மேற்பரப்பை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் தாளை அழுத்திவிட்டு மூடியைப் போடுங்கள், மேலே பனி படியாமல் இருக்கவும் அது உதவும். கதவு ஓரத்தில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். கருவாட்டை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை, எங்கள் வீட்டிலேயே முடியவில்லை.

எல்லாம் நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். ஆனா கடை ஐஸ்க்ரீம் மாதிரி லேசா, பஞ்சு மாதிரி இல்லையே?

கடையில் நீங்கள் வாங்குவதில் கணிசமான பங்கு காற்று. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம் குறைந்தது 525 கிராம் எடை இருந்தால் போதும். அதாவது லிட்டர் டப்பாவில் கிட்டத்தட்ட பாதி காற்று இருக்கலாம், அது சட்டப்படி சரி. உங்கள் மிக்ஸி ஐஸ்க்ரீமை நிறுத்துப் பாருங்கள், ஒரு லிட்டர் 800, 900 கிராமாவது இருக்கும். அதோடு தொழிற்சாலையில் கலவை நிமிஷக் கணக்கில் உறைகிறது, நமக்கு மணிக்கணக்கு.

டப்பாவையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐஸ்க்ரீம் என்று போட வேண்டுமென்றால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் வேண்டும், தாவரக் கொழுப்பில் செய்ததற்கு ஃப்ரோஸன் டெஸர்ட் என்று பெயர். நம்முடையது 11. ஆக கனமாக இருக்கிறது என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஐஸ்க்ரீம் சாப்பிட்டா சளி பிடிக்கும்னு மாமியார் விடமாட்டேங்கறாங்க.

சளியைக் கொண்டுவருவது வைரஸ், ஐஸ்க்ரீம் இல்லை. இதை உங்கள் மாமியாரிடம் நான் சொல்ல மாட்டேன்.

லீவுல பசங்களை வெச்சு ஃப்ரீஸரே இல்லாம செய்யலாம்னு சொன்னீங்களே, அது எப்படி?

ஐஸும் உப்பும் போதும். ஒரு பெரிய ஜிப் பையில் உடைத்த ஐஸ் மூன்று பங்கு, கல் உப்பு ஒரு பங்கு. சின்ன ஜிப் பையில் குளிர்ந்த கலவை ஒரு டம்ளர், காற்றை வெளியேற்றி இறுக்க மூடி, இன்னொரு பைக்குள் போட்டு (உப்பு உள்ளே போனால் எல்லாம் போச்சு) ஐஸுக்குள் புதைத்து, துணி சுற்றிக் குலுக்கச் சொல்லுங்கள். துணி கட்டாயம், வெறும் கையில் பிடித்தால் விரல் விறைத்துவிடும். உப்பு பட்டால் ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழேயே உருக ஆரம்பிக்கும், உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் பக்கத்தில் இருக்கும் கலவையிலிருந்து உறிஞ்சும், சரியான விகிதத்தில் மைனஸ் 21 டிகிரி வரைகூடப் போகும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் மென்மையான ஐஸ்க்ரீம், அதுவும் விடாமல் குலுக்கியதால் மிக்ஸியில் செய்ததைவிட வழவழப்பாக.

1843இல் அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி காப்புரிமை வாங்கிய கைப்பிடி மெஷினும் இதே ஐஸ், உப்பு வேலைதான். அதற்கு முந்தின வருஷம்தான் நம் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள், இப்போது விவேகானந்தர் இல்லம் இருக்கும் கட்டடம், பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கி வைக்க. பிள்ளைகள் குலுக்கிக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்லுங்கள், "அது எப்படி வழியிலேயே உருகாம வந்துச்சு?" என்று கட்டாயம் கேட்பார்கள். மரத்தூளில் பொதிந்து கொண்டுவந்தார்கள், அப்படியும் நிறைய உருகியது.